பட்டாவைத் தொடரும் பணம்: கிருஷ்ணன்கோவில் வட்டாரத்தை முன்வைத்து வேளாண் மானியங்களின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

அரசு உழவர்க்குப் பணம் வழங்கும்போது உழவர் யார் என்பதை ஏதேனும் ஒரு பதிவேட்டைக் கொண்டே முடிவு செய்கிறது. 2019இல் தொடங்கப்பெற்ற பிரதமரின் கிசான் சம்மான் நிதித் திட்டம் அதற்கு நில உடைமைப் பதிவைத் தேர்ந்தெடுத்தது. நிலவரி வசூலிப்பதற்கென உருவாக்கப்பெற்ற பட்டா, உதவித்தொகை வழங்குவதற்கான ஆவணமாக மாறிய வரலாற்றை ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டத்துக் கிருஷ்ணன்கோவில் பகுதியை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. சாகுபடியாளரைக் குறிக்கும் வாய்ப்புள்ள அடங்கல் பதிவேடு கிராமக் கணக்கிலேயே இருந்தும் அது கருதப்படாமையால் குத்தகை உழவர் விடுபட்டுள்ளனர் என்பதே இதன் வாதம்.

திறவுச்சொற்கள்: பட்டா, அடங்கல், குத்தகை, வேளாண் மானியம், ரயத்துவாரி, கிசான் நிதி, ஸ்ரீவில்லிபுத்தூர்.

முன்னுரை

மதுரையிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் வழியாகத் தென்காசி செல்லும் நெடுஞ்சாலையில், வத்திராயிருப்புக்குச் சாலை பிரியும் இடத்தில் கிருஷ்ணன்கோவில் அமைந்துள்ளது. இதற்கு மேற்கே, மலையடிவாரத்தில் பிளவக்கல் பெரியாறு, கோவிலாறு அணைகளின் நீரையும் கண்மாய்களையும் நம்பிய நெல் வயல்கள் உள்ளன. கிழக்கே செல்லச் செல்லக் கிணற்றுப் பாசனமும் மானாவாரியும் மிகுந்து பருத்தி, மக்காச்சோளம், பயறு வகைகள் விளைகின்றன. தெற்கே இராஜபாளையம் வரை மலையோரம் மாந்தோப்புகளும் தென்னந்தோப்புகளும் பரவியுள்ளன. சில கல் தொலைவுக்குள் இத்தனை வகை வேளாண்மை அமைந்திருப்பதால், அரசின் ஒரே உதவித் திட்டம் வெவ்வேறு வகை உழவரிடம் எவ்வாறு சென்று சேர்கிறது என்பதைக் காண இவ்வட்டாரம் ஏற்றதாகிறது.

நிலத்தை உடையவரே உழுகிறார் என்ற எடுகோள் இங்கு எல்லா வயலுக்கும் பொருந்துவதில்லை. வாரம், குத்தகை, ஒத்தி எனப் பல பெயர்களில் நிலம் கைமாறிச் சாகுபடியாகிறது. தோப்புகளில் காய்ப்பை மட்டும் பருவத்துக்குக் குத்தகை பேசும் வழக்கமும் உண்டு. இவற்றுள் பெரும்பாலானவை வாய்மொழி ஒப்பந்தங்கள். அரசு அலுவலகத்தில் இவற்றுக்குச் சுவடு இல்லை.

வரி வாங்கப் பிறந்த ஏடு

சென்னை மாகாணத்தில் தாமஸ் மன்றோவின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் ரயத்துவாரி முறை, அரசுக்கும் நிலவரி செலுத்துவோருக்கும் இடையே நேரடி உறவை ஏற்படுத்தியது. அந்த உறவுக்குச் சான்றாக வழங்கப்பட்டதே பட்டா. இன்ன சர்வே எண்ணில் இவ்வளவு பரப்புக்கு இவ்வளவு தீர்வை செலுத்த வேண்டியவர் இன்னார் என்பதே அதன் உள்ளடக்கம். நிலத்தில் இறங்கி உழுபவர் யார் என்ற கேள்வி அன்றைய வருவாய்த்துறைக்கு முதன்மையாகப் படவில்லை. தீர்வை தவறாமல் வந்து சேர்வதே அதன் கவலை. ஆண்டுதோறும் நடைபெறும் ஜமாபந்தி இன்று மனுக்கள் பெறும் நிகழ்வாக அறியப்பட்டாலும் அடிப்படையில் அது ஒரு கணக்குத் தணிக்கையே.

ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டம் 1910 வரை திருநெல்வேலி மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. அவ்வாண்டில் இராமநாதபுரம் மாவட்டம் உருவானபோது அதனோடு இணைக்கப்பட்டது. 1985இல் இன்றைய விருதுநகர் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது அதில் சேர்ந்தது. (இவ்வட்டாரத்து நிலப் பதிவுகளைத் தேடும் ஆய்வாளர் மூன்று மாவட்டப் பெயர்களின் கீழும் தேட வேண்டியிருப்பதை இங்கே குறிப்பிடலாம்.) இராமநாதபுரம் மாவட்டத்தின் பெரும்பகுதி ஜமீன் நிலமாக இருந்த காலத்தில், ஸ்ரீவில்லிபுத்தூரும் சாத்தூரும் பெரிதும் ரயத்துவாரி வட்டங்களாக விளங்கின. சேத்தூர் போன்ற ஜமீன்கள் இதற்கு விலக்கு. 1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டமும் 1963ஆம் ஆண்டின் இனாம் ஒழிப்புச் சட்டங்களும் எஞ்சிய நிலங்களையும் ரயத்துவாரிப் பட்டாவின்கீழ்க் கொண்டுவந்தன. இதனால் பட்டா இல்லாத சாகுபடி நிலம் என்பது அரிதாயிற்று. ஆனால், பட்டா இல்லாத சாகுபடியாளர் அரிதாகவில்லை.

அரசு உழவருக்குப் பணம் கொடுக்கத் தொடங்கியதும் இதே ஏட்டை அடிப்படையாகக் கொண்டுதான். 1883ஆம் ஆண்டின் நில மேம்பாட்டுக் கடன் சட்டமும் 1884ஆம் ஆண்டின் வேளாண்மையர் கடன் சட்டமும் கிணறு வெட்டவும் விதையும் மாடும் வாங்கவும் தக்காவி என்னும் கடனை வழங்க வழிசெய்தன. நில மேம்பாட்டுக் கடனுக்கு நிலமே ஈடு. ஈடாகக் காட்ட நிலம் இல்லாதவர் அரசின் உதவிக்கு வெளியே நின்றார். கடன் கொடுப்பவர் ஈடு கேட்பதில் வியப்பில்லை. திரும்பப் பெறும் எண்ணமே இல்லாத உதவித்தொகைக்கும் அதே ஈட்டுப் பத்திரம் கேட்கப்படுவதுதான் ஆராய்வதற்கு உரியது.

மின்மோட்டார், உரமூட்டை, கடன் கணக்கு

விடுதலைக்குப் பிந்தைய தமிழகத்தின் வேளாண் மானியங்கள் எல்லாம் பட்டாவை நேரடியாகப் பின்பற்றவில்லை. அவை மூன்று வெவ்வேறு வழிகளில் சென்றன. ஒவ்வொரு வழியும் ஒவ்வொரு வகை உழவரைச் சேர்த்துக்கொண்டது.

முதலாவது மின்சாரம். 1970களில் கோவைப் பகுதியில் மின்கட்டண உயர்வை எதிர்த்து எழுந்த போராட்டம் சி. நாராயணசாமி நாயுடுவின் தலைமையில் தமிழகம் முழுவதும் பரவியது. 1972 சூலை 5 அன்று காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் உழவர் பலர் உயிரிழந்தனர். அந்நாள் இன்றும் உழவர் தியாகிகள் நாளாக நினைவுகூரப்படுகிறது. 1984இல் எம்.ஜி.ஆர். அரசு சிறு உழவர்க்கு இலவச மின்சாரம் வழங்கியது. 1990இல் கலைஞர் அரசு அதனை எல்லா உழவர்க்கும் விரிவுபடுத்தியது. உயிர்களைக் கொடுத்துப் பெற்ற உரிமை இது என்பதில் ஐயமில்லை. எனினும், இச்சலுகை கிணறும் மின்னிணைப்பும் உடையவர்க்கே நேரடியாகப் பயன்பட்டது. கிருஷ்ணன்கோவிலுக்குக் கிழக்கே கிணற்றுத் தோட்டம் வைத்திருப்பவர் பெற்ற பயனை, மேற்கே கண்மாய் மடைநீரை மட்டும் நம்பி வாரத்துக்கு நெல் பயிரிடுபவர் பெறவில்லை. தமிழக உழவர் இயக்கத்தைப் பற்றிய எழுத்துகளில் இந்த வேறுபாட்டுக்கு உரிய இடம் கிடைக்கவில்லை என்பது என் கருத்து.

இரண்டாவது உரம். 1977இல் நடுவண் அரசு கொண்டுவந்த விலை ஈட்டு முறையும் 2010இல் வந்த ஊட்டச்சத்து அடிப்படை மானியமும் பணத்தை உழவரிடம் தராமல் உர நிறுவனத்திடம் தந்தன. 45 கிலோ யூரியா மூட்டையின் விலை 266 ரூபாய் 50 காசு. கடைக்கு வருபவர் நில உடைமையாளரா, குத்தகைக்காரரா, வாரக்காரரா என்று இந்த விலை பார்ப்பதில்லை. 2018இல் நாடு முழுவதும் விற்பனைக் கருவியில் வாங்குபவரின் அடையாளப் பதிவு நடைமுறைக்கு வந்த பிறகும் அங்கே கேட்கப்படுவது வாங்குபவர் யார் என்பதுதானே தவிர, அவரிடம் பட்டா உண்டா என்பதன்று. நிறுவனங்களின் ஆதாயம், மண்ணின் கேடு, அளவுமீறிய பயன்பாடு என உர மானியத்தின் மீது பல குறைகள் கூறப்படுகின்றன. அவற்றில் உண்மை உண்டு. ஆயினும், குத்தகை உழவர் தம் தகுதியை மெய்ப்பிக்காமலேயே பெறும் பெரிய மானியம் இதுவாகவே உள்ளது. உர மானியத்தை நிறுத்திவிட்டு அத்தொகையை உழவரின் வங்கிக் கணக்கிலேயே செலுத்தலாம் என்று பரிந்துரைப்போர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது கடன் தள்ளுபடி. 2006, 2016, 2021 ஆகிய ஆண்டுகளில் தமிழக அரசு கூட்டுறவுக் கடன்களைத் தள்ளுபடி செய்தது. 2021 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட தள்ளுபடி 16.43 இலட்சம் உழவர்களின் 12,110 கோடி ரூபாய்ப் பயிர்க்கடனைச் சார்ந்தது. 2016ஆம் ஆண்டின் தள்ளுபடி சிறு, குறு உழவர்க்கு மட்டும் என வரையறுக்கப்பட்டபோது, உழவர் சங்கமொன்று அதனை எதிர்த்து வழக்குத் தொடுத்தது. உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2017இல் எல்லா உழவர்க்கும் நீட்டிக்க ஆணையிட்டது. 2021 நவம்பரில் உச்சநீதிமன்றம் அவ்வாணையை நீக்கி, நிலப்பரப்பின் அடிப்படையில் உழவரை வகைப்படுத்துவது அரசியலமைப்புக்கு முரணன்று எனத் தீர்ப்பளித்தது. இவ்வழக்கின் வாதம் முழுவதும் எத்தனை ஏக்கர் உடையவர் உதவிக்கு உரியவர் என்பதைச் சுற்றியே அமைந்தது. ஏக்கரே உடைமையாக இல்லாத சாகுபடியாளர் அவ்வழக்கின் எல்லைக்குள் வரவில்லை. கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் பெறச் சிட்டா, அடங்கல் நகல்கள் தேவை. நிலத்தைக் குத்தகைக்கு விட்டவரே தம் சிட்டாவைக் காட்டிக் கடன் பெற்றிருந்தால் தள்ளுபடியும் அவருக்கே சேரும். குத்தகைக்கு எடுத்தவர் வெளியே வட்டிக்கு வாங்கியிருந்தால் அந்தக் கடன் அப்படியே நிற்கும்.

2019: உடைமையே தகுதி

2019 பிப்ரவரி 1 அன்று இடைக்கால வரவுசெலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பெற்ற கிசான் சம்மான் நிதித் திட்டம் பிப்ரவரி 24 அன்று கோரக்பூரில் தொடங்கிவைக்கப்பட்டது. ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணைகளில், 2,000 ரூபாய் வீதம் வங்கிக் கணக்கில் செலுத்தப்படுகிறது. தொடக்கத்தில் 2 எக்டர் வரை நிலமுடைய குடும்பங்களுக்கு என்றிருந்தது. அவ்வாண்டு சூன் முதல் நிலமுடைய எல்லா உழவர் குடும்பங்களுக்கும் விரிந்தது. வருமானவரி செலுத்துவோர், மாதம் 10,000 ரூபாயோ அதற்கு மேலோ ஓய்வூதியம் பெறுவோர், அரசு ஊழியருள் பெரும்பாலோர் விலக்கப்பட்டனர்.

இவ்விரிவாக்கத்தின்போது பரப்பு உச்சவரம்பு நீக்கப்பட்டது. உடைமை என்னும் நிபந்தனை நீக்கப்படவில்லை. அதாவது, 20 ஏக்கர் உடையவர் உள்ளே வந்தார். 2 ஏக்கரைக் குத்தகைக்கு உழுபவர் வெளியிலேயே இருந்தார். இதே நடுவண் அரசு 2016இல் கொண்டுவந்த பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தின் விதிகள் குத்தகை உழவரையும் வாரச் சாகுபடியாளரையும் வெளிப்படையாகச் சேர்த்துக்கொள்கின்றன. மூன்று ஆண்டு இடைவெளியில் ஒரே அரசு உழவர் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் கொண்டது. பயிர் இழந்தால் பயிரிட்டவர் உழவர். பயிருக்கு முன்பணமாக உதவி தரும்போது நிலம் உடையவர் உழவர். முன்னதற்குக் கிராம நிர்வாக அலுவலரின் சாகுபடிச் சான்று போதும். பின்னதற்குப் பட்டா வேண்டும்.

உடைமைக்கு வரையறுக்கப்பட்ட நாள் 2019 பிப்ரவரி 1. அதன்பின் விலைக்கு வாங்கியோர் தகுதி பெறார். உரிமையாளர் இறந்து வாரிசுக்கு நிலம் வந்திருந்தால் மட்டும் விலக்கு உண்டு. ஆவணத்தில் தெளிவாகத் தோன்றும் இந்நாள் கிராமத்தில் அவ்வளவு தெளிவாக இல்லை. தமிழகத்தில் 1979 முதல் 1987 வரை நடைபெற்ற நிலப் பதிவு மேம்பாட்டுப் பணியின்போது (மக்கள் வழக்கில் யூ.டி.ஆர்.) ஏற்பட்ட பெயர்ப்பிழை, பரப்புப்பிழைகளுக்கு இன்றும் திருத்த மனுக்கள் வந்துகொண்டிருக்கின்றன. தாத்தாவின் பெயரில் நிற்கும் பட்டாவும், அண்ணன் தம்பியர் பெயர்கள் வரிசையாக நிற்கும் கூட்டுப் பட்டாவும் ஊர்தோறும் உண்டு. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழகத்தின் சாகுபடிக் கைப்பற்றுகள் 79.38 இலட்சம், அவற்றின் சராசரிப் பரப்பு 0.75 எக்டர் மட்டுமே. இவ்வளவு சிறிய துண்டுகளில் பாகப்பிரிவினை பதிவாகாமல் நின்றுவிடுவது இயல்பு. குடும்ப நிலத்தில் நாள்தோறும் உழைக்கும் பெண்ணின் பெயர் அந்த ஏட்டில் ஏறுவது இன்னும் அரிது.

கோயில் நிலங்களின் நிலை இதனினும் சிக்கலானது. கோயில் நிலத்துக்குப் பட்டாதாரர் இறைவனோ இறைவியோ. சட்டத்தின் கண்ணில் அது ஒரு நிறுவனத்தின் உடைமை. நிறுவன நில உடைமையாளர்களைக் கிசான் நிதி விதிகள் விலக்குகின்றன. எனவே தலைமுறை தலைமுறையாகக் கோயில் நிலத்தைக் குத்தகைக்கு உழும் குடும்பத்துக்கு, வேறு சொந்த நிலம் இல்லையெனில், உதவி கிடைப்பதில்லை. அந்த நிலத்தைக் காட்டி வேறெவரும் பெறுவதுமில்லை. பட்டா நிலத்துக் குத்தகையில் உதவி உழாதவருக்குப் போகிறது. கோயில் நிலத்துக் குத்தகையில் எவருக்குமே போகாமல் நின்றுவிடுகிறது. ஆண்டாள் கோயிலைச் சுற்றி வளர்ந்த ஸ்ரீவில்லிபுத்தூர் போன்ற வட்டாரங்களில் இது ஏட்டளவிலான சிக்கல் அன்று.

2020இல் வெளியான முறைகேடு இவ்வரையறையை மேலும் இறுக்கியது. நோய்த்தொற்றுக் காலத்தில் இணையவழிப் பதிவு எளிதாக்கப்பட்டதைப் பயன்படுத்தி, அலுவலர்களின் கடவுச்சொற்கள் தவறான கைகளுக்குச் சென்று, கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் உள்ளிட்ட மாவட்டங்களில் தகுதியற்றோர் பெருமளவில் சேர்க்கப்பட்டனர். ஏறத்தாழ 5.5 இலட்சம் பேர், 110 கோடி ரூபாய் என்று அப்போது அரசு தெரிவித்தது. குற்றப்புலனாய்வுத் துறை விசாரித்தது. தொகை திரும்பப் பெறப்பட்டது. உழவே அறியாதவர் பெயரில் பணம் எடுக்கப்பட்டதைத் தடுக்க வேண்டியதில் இரு கருத்து இல்லை. ஆனால், தகுதியற்றோர் என்ற அந்த ஒரே சொல்லுக்குள், இடைத்தரகர் சேர்த்துவிட்ட போலிப் பெயரும், நிலத்தில் உழைத்தும் பட்டா இல்லாத குத்தகைக்காரரும் வேறுபாடின்றி அடங்கிவிடுவர். அவர் விண்ணப்பித்திருந்தால் அவரும் பணத்தைத் திருப்பித் தர வேண்டியவரே. முறைகேட்டுக்குப் பின் வந்த சீர்திருத்தங்கள், குறிப்பாக 2025இல் தமிழகத்தில் முகாம்கள் நடத்தி வழங்கப்பட்ட உழவர் தனி அடையாள எண், பட்டாவோடு ஆதாரை மேலும் நெருக்கமாகப் பிணைத்துள்ளன. போலிகள் குறைவர். விடுபட்டோர் விடுபட்டோராகவே இருப்பர்.

பதிவுக்கு வராத குத்தகை

குத்தகை உழவர் தம் பெயரைப் பதிவு செய்துகொண்டால் என்ன என்ற கேள்வி எழலாம். அதற்குச் சட்டம் இருக்கிறது. 1955ஆம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வெளியேற்றத்திலிருந்து காக்கிறது. 1956ஆம் ஆண்டின் நியாய வாரச் சட்டம் குத்தகையை வரையறுக்கிறது. 1969ஆம் ஆண்டின் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் குத்தகைதாரர் பெயரைப் பதிவேட்டில் ஏற்ற வழிசெய்கிறது.

சிக்கல் இச்சட்டங்களின் வலிமையிலேயே இருக்கிறது. பதிவு செய்யப்பட்ட குத்தகைதாரரை எளிதில் வெளியேற்ற முடியாது என்பதால், நில உடைமையாளர் எழுத்து ஒப்பந்தத்துக்கு இசைவதில்லை. பெயரைப் பதிவு செய்யக் கேட்பவருக்கு அடுத்த பருவம் நிலம் கிடைக்காமல் போகலாம். ஆண்டுக்கு 6,000 ரூபாய்க்காக நிலத்தையே இழக்க எவரும் துணியார். இவ்வகையில், குத்தகை உழவரைக் காக்க எழுந்த சட்டமே அவரை ஏட்டிலிருந்து மறைக்கும் காரணங்களுள் ஒன்றாயிற்று. இதற்காக அச்சட்டத்தைக் குறைகூறுவது சரியன்று. உரிமைப் பதிவையும் உதவிக்கான பதிவையும் ஒன்றாகவே வைத்திருப்பதுதான் பிழை.

அண்டை மாநிலங்களின் பட்டறிவு இங்கே உதவும். தெலங்கானா 2018 மே மாதம் தொடங்கிய ரைத்து பந்து ஏக்கருக்கு ஒரு பருவத்துக்கு 4,000 ரூபாய் வழங்கியது. குத்தகை உழவரைச் சேர்க்கவில்லை. பரப்பின் அளவில் வழங்கியதால் நிலம் மிகுதியாக உள்ளவருக்கு மிகுதியாகச் சென்றது. ஆந்திரம் 2019இல் வேறு வழியை நாடியது. நில உரிமையைத் தொடாத, 11 மாதம் மட்டும் செல்லும் சாகுபடி ஒப்பந்தத்துக்குச் சட்டம் இயற்றி, அவ்வாண்டு தொடங்கிய ரைத்து பரோசா திட்டத்தில் ஒடுக்கப்பட்ட, பிற்பட்ட, சிறுபான்மைச் சமூகங்களைச் சேர்ந்த நிலமற்ற குத்தகை உழவரையும் கோயில் நிலச் சாகுபடியாளரையும் 13,500 ரூபாய்க்கு உரியவராக்கியது. ஒப்பந்தத்தில் நில உடைமையாளர் கையொப்பமிட வேண்டியிருந்ததால் அங்கும் பலர் விடுபட்டனர். எனினும், குத்தகை உழவர் என்ற வகையை உதவிப் பட்டியலில் எழுத முடியும் என்பதை அது காட்டியது.

தமிழகத்துக்கும் இது முற்றிலும் புதிதன்று. இறப்பு, திருமணம், கல்வி ஆகியவற்றுக்கு உதவும் உழவர் பாதுகாப்புத் திட்டம் சிறு, குறு உழவரோடு குத்தகைதாரரையும் நிலமற்ற வேளாண் தொழிலாளரையும் உறுப்பினராக ஏற்கிறது. உழுபவரை உழவர் என ஏற்கும் நிருவாக மரபு மாநிலத்துக்கு உள்ளேயே இருக்கிறது என்பதற்கு இதுவே சான்று.

அடங்கலின் இடம்

கிராமக் கணக்குகளில் பட்டாதாரர்களின் நிலத் தொகுப்பைக் காட்டுவது சிட்டா. கணக்கு எண் 2 ஆகிய அடங்கல் வேறு வகையானது. சூலை முதல் சூன் வரையிலான பசலி ஆண்டுதோறும், சர்வே எண் வாரியாக, இன்ன நிலத்தில் இன்ன பருவத்தில் இன்ன பயிர் இவ்வளவு பரப்பில் நின்றது, எந்த நீர் பாய்ந்தது என்பதை அது பதிவு செய்கிறது. அனுபவிப்பவர் பெயரையும் அதில் குறிக்க இயலும். சிட்டா உடைமையைச் சொல்கிறது என்றால் அடங்கல் உழவைச் சொல்கிறது. வயலுக்கு நேரில் சென்று எழுதப்பட வேண்டிய ஏடு அது. 1980இல் பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகள் ஒழிக்கப்பட்டுக் கிராம நிர்வாக அலுவலர் வந்தபின் இப்பணி அவர்களிடம் சென்றது. பழைய கர்ணங்களைப் பற்றி நல்லது சொல்வோர் குறைவு. சொல்ல வேண்டியதும் இல்லை. ஆயினும் எந்த வயலை எவர் வாரத்துக்கு உழுகிறார் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். அந்த அறிவு அலுவலக முறைமைக்குள் முழுமையாக வந்து சேரவில்லை.

உதவித்தொகைக்குச் சிட்டாவை எடுத்து அடங்கலை விட்டதற்கு நிருவாகக் காரணம் தெளிவு. சிட்டா கணினியில் ஏறிவிட்டது. ஆண்டுக்காண்டு அதிகம் மாறாது. ஒரே ஆணையில் இலட்சக்கணக்கான கணக்குகளுக்குப் பணம் அனுப்ப ஏற்றது. அடங்கல் பருவந்தோறும் மாறும். ஒருவர் நேரில் சென்று பார்த்தாக வேண்டும். பெயர் எழுதினால் தகராறு வரும். விரைவை நாடிய திட்டம் எளிய ஏட்டைத் தேர்ந்தது. அந்த எளிமையின் செலவைக் குத்தகை உழவர் ஏற்கிறார்.

2024 நவம்பரில் தமிழகத்தில் மின்னணுப் பயிர் அளவீடு தொடங்கியது. கிராம நிர்வாக அலுவலர்கள் இப்பணியை ஏற்க மறுத்த சூழலில் வேளாண் கல்லூரி மாணவர்கள் கைப்பேசியோடு வயல்களுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களின் பாதுகாப்புக் குறித்து விவாதமும் எழுந்தது. அவ்விவாதத்தில் மாணவரின் கல்வி பேசப்பட்டது, அலுவலரின் பணிச்சுமை பேசப்பட்டது. அந்த அளவீட்டில் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் நிற்கும் பயிரின் பெயர் பதிவாயிற்று, நிழற்படமும் எடுக்கப்பட்டது. மடையோரம் நின்று இது என்ன பயிர் என்று சொல்பவர் பெரும்பாலும் அதனைப் பயிரிட்டவராகவே இருப்பார். அவருடைய பெயரை அச்செயலியில் எங்கே எழுதுவது, எழுதினால் அது 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் குத்தகைப் பதிவாகக் கொள்ளப்படுமா, உதவித்தொகைக்கு மட்டும் செல்லுபடியாகுமா என்பவை வருவாய்த்துறையும் வேளாண்துறையும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டிய கேள்விகள்.